'வலிப்பு மையம்' போதாது, இரண்டு சொற்கள் வேண்டும்

ஐயா, வணக்கம்.

மூளையில் வலிப்பு கிளம்பும் இடத்துக்கு நீங்கள் சொன்ன 'வலிப்பு மையம்' என்ற சொல் வாயில் எளிதாக வருகிறது. ஆனாலும் நம் வலிப்புக் கையேட்டில் அதைச் சேர்க்க எனக்கு உடன்பாடில்லை. இங்கே மலேசியாவில், தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களில், வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் மூளையில் ஒரு 'மையம்' இருக்கிறது என்று சொன்னால், "அதை எடுத்துட்டா சரியாயிடுமா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும், அந்த நம்பிக்கையை நாம் சொல்லால் விதைக்கக் கூடாது.

அதோடு, அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. மூளையின் மின்னலைகளை மின்முனை வைத்துப் பதியும்போது வலிப்பு அலை முதலில் தெரிகிற இடம் ஒன்று. எதை நீக்கினால் வலிப்பு அறவே நிற்குமோ அந்தப் பகுதி இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாரிசில் பான்கோ, தலேராக் என்ற இரு மருத்துவர்கள் 1950களில் மண்டைக்குள் ஆழமாக மின்முனை செலுத்திப் பதியும் முறையை உருவாக்கினார்கள். அப்படிப் பதிந்தாலும் மின்முனை போகாத இடத்தில் நடப்பது தெரியாது. மண்ணுக்கடியிலேயே தீ பரவுகிற சதுப்பு மண் தோட்டத்தில் புகை கிளம்பும் இடத்துக்குக் கீழேயேதான் தீ இருக்கும் என்று சொல்ல முடியாதே, அது போலத்தான். இரண்டாவது பகுதியோ, அறுவைக்குப் பிறகு வலிப்பு நின்றால்தான் உறுதியாகும். ஆகவே முதலாவதற்கு 'வலிப்புத் தொடங்கிடம்', இரண்டாவதற்கு 'வலிப்பு விளைபுலம்' என்று வைக்கலாம். அனைத்துலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2017-இல் செய்த வகைப்பாட்டில் 'தொடக்கம் தெரியாதது' என்றே ஒரு பிரிவு உண்டு, 'தொடங்கிடம்' அதோடும் ஒத்துப்போகும்.

அப்புறம் 'மூளை இணைப்பு' என்ற சொல். நரம்பிழை நேராக ஓடுவதும் இணைப்பு, இரண்டு பகுதிகளின் அலைகள் சேர்ந்து ஏறி இறங்குவதும் இணைப்பு என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார், ஏனென்றால் நடுவில் நேரடி இழையே இல்லாத இரண்டு பகுதிகளும் சேர்ந்து இயங்கலாம், மூன்றாவது ஒரு பகுதி இரண்டையும் ஆட்டுவிக்கலாம். முதலாவது 'இழையிணைப்பு', இரண்டாவது 'உடனியக்கம்' என்பது என் பரிந்துரை.

ஒன்று மட்டும் எனக்குச் சிக்கவில்லை. இடப்பக்க ஹிப்போகேம்பஸில் (நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப் பகுதி) தொடங்கும் வலிப்பு வலப்பக்கத்தையும் இழுத்துக்கொள்ளும்போது, எது எதை இழுத்தது என்ற திசை முக்கியம். 'உடனியக்கம்' திசையைச் சொல்லவில்லை. 'ஏவுதொடர்பு' சரிவருமா, 'ஏவல்' என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வருமோ என்று தயங்குகிறேன். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.