வெளிநாட்டில் தன்னார்வ ஆசிரியராக இருந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். வெளிநாட்டுக் கிராமம் ஒன்றில் 6 மாதம் பாடம் நடத்த வந்திருக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. விசா சிக்கல் இல்லை. பல நாடுகளில் சம்பளமில்லாத வேலைக்கும் சுற்றுலா விசா செல்லாது என்பதால் முன்பே சரிசெய்துவிட்டேன்.

சங்கடம் தங்கியிருக்கும் வீட்டில்தான். இருந்த ஒரே அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் கூடத்தில் படுக்கிறார்கள். சாப்பிட்ட தட்டை நான் கழுவப் போனால் பாட்டி பிடுங்கிக்கொள்கிறார். என் செலவுக்கு, என்னை அனுப்பிய அமைப்பு வீட்டாருக்குப் பணம் தருகிறதாம். இவர்கள் கைக்கு எவ்வளவு வருகிறதோ! நானே தனியாகக் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா? வேறு எப்படி உதவலாம்?

வகுப்பில் 'புரிந்ததா?' என்றால் எல்லோரும் ஒரே குரலில் 'ஆமாம்'. நோட்டை வாங்கிப் பார்த்தால், கரும்பலகையில் நான் சரியாக அழிக்காத கோடுவரை அப்படியே வரைந்து வைத்திருக்கிறார்கள். தன்னார்வலர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பில் சுமார் 3 மாதம் மொழியோடு பயிற்சி கொடுத்த பிறகுதான் 2 ஆண்டுப் பணி. எனக்குக் கிடைத்தது 3 நாள்! மொழி அரைகுறையாக இருக்கும்போது, பிள்ளைகளுக்கு உண்மையில் புரிந்ததா என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

இன்னொன்று. நான் வந்ததிலிருந்து உள்ளூர் ஆசிரியை என் வகுப்பு நேரத்தில் வெளியே போய்விடுகிறார். நான் கிளம்பிய பிறகு பாடத்தைத் தொடர வேண்டியவர் அவர்தான். மனம் நோகாமல் அவரை எப்படி உள்ளே அழைப்பது?