மூணு வாட் பேனலும் எட்டு மணிக்கே அணைந்த விளக்கும்

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஆயா வீடு. பின்கட்டில் கரண்டே கிடையாது, பழைய வயரிங்கை எப்போதோ துண்டித்துவிட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ராத்திரி கிணற்றடிக்குப் போக டார்ச்சைத் தேடுகிறாரே என்று, 6 வோல்ட் 3 வாட் சோலார் பேனல், 18650 என்கிற உருளை லித்தியம் செல் ஒன்று, அதைச் சார்ஜ் பண்ண டிபி 4056 சிப் வைத்த சார்ஜிங் போர்டு, ஒரு குட்டி எல்இடி, எல்லாம் வாங்கிக் கட்டிக்கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்தேன். மூன்றாம் நாளே போன். "தம்பி, விளக்கு எட்டு மணிக்கெல்லாம் கண்ணை மூடிருதே."

அடுத்த முறை போனபோதுதான் என் லட்சணம் புரிந்தது. பேனலை முற்றத்துத் தூணில் கட்டியிருந்தேன். நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு, வெயில் இறங்குவதே பதினோரு மணிக்கு, இரண்டு மணிக்கெல்லாம் நிழல். சரி, ஓட்டுக்கு மேலே ஏற்றினேன். அப்புறமும் போர்டில் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று எரிந்து எரிந்து அணைந்தது. மீட்டரை வைத்தால், பேனல் தனியாக 7 வோல்ட், போர்டோடு சேர்த்ததும் 4 வோல்ட் சொச்சம். கடையில் வரும்போதே அந்த போர்டில் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் இருக்கும், எவ்வளவு கரண்ட் இழுப்பது என்று தீர்மானிப்பது அதுதான்; அந்த அளவுக்கு போர்டு 1 ஆம்பியர் கேட்கும். என் பேனல் உச்சி வெயிலில் கொடுப்பதே அரை ஆம்பியர். கால்படி கறக்கிற மாட்டிடம் அரைப்படி கேட்டால்? ஒரு மேகம் வந்தாலும் வோல்ட் படுத்துவிடும், சிப் நின்றுவிடும், நின்றதும் வோல்ட் எழும்பும், மறுபடி இழுக்கும், மறுபடி படுக்கும்.

அந்தக் கடுகளவு ரெசிஸ்டரைக் கழற்றி 3.9 கிலோ ஓம் வைத்தேன். இப்போது 300 மில்லி ஆம்பியர்தான் கேட்கிறது, மினுக்கல் நின்றது. ஆறு மணி நேர வெயிலுக்கு 1800 மில்லி ஆம்பியர்-மணி வரை ஏறுகிறது, ராத்திரி முழுக்க எல்இடிக்கு அது தாராளம். ஒன்று மட்டும், அந்த சிப் 8 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, பெரிசாக இருக்கட்டும் என்று 12 வோல்ட் பேனலைக் கட்டிவிடாதீர்கள்.

— இதைப் படித்துவிட்டுப் புதுவயலிலிருந்து ஒருவர்:

எனக்கு வெயில் குறைச்சல் இல்லை, வெயிலால்தான் கெட்டது. பழைய போன் பேட்டரியை ஒரு டப்பாவில் போட்டுப் பேனலின் முதுகிலேயே ஒட்டி மொட்டைமாடியில் வைத்தேன். சித்திரை மாசம். இரண்டு வாரத்தில் பேட்டரி பூரி மாதிரி உப்பி டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடக் கூடாது, பேனல் முதுகோ நடுப்பகலில் 60ஐத் தாண்டிவிடும். இத்தனைக்கும் நான் காரைக்குடிக்காரன். அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதன் வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். பேட்டரியை ஆராய்ச்சி பண்ணுகிற ஊரில் பிறந்து இப்படி! இப்போது மேலே பேனல் மட்டும், செல் கீழே சுண்ணாம்புச் சுவர் அறையில்.

— தேவகோட்டையிலிருந்து இன்னொருவர்:

விளக்கை நேராக செல்லிலேயே கட்டியிருந்தேன், என் போர்டு பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத மலிவு ரகம். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் வெயிலே இல்லை, செல் வடிந்து 1.6 வோல்ட்டுக்குப் போய்விட்டது. மெதுவாக ஏற்றினால் உயிர் வரும் என்று ஒருவர் சொன்னார், நான் துணியவில்லை. அவ்வளவு கீழே போனால் உள்ளே செம்பு கரைந்து பிறகு ஷார்ட் ஆகக்கூடும். புதுசு வாங்கினேன், இந்தத் தடவை விளக்குக்குத் தனி முனை உள்ள, செல் வடியும்போது தானே துண்டிக்கிற போர்டு.

— கானாடுகாத்தான் மறுபடி:

மழை நாளுக்கு நான் செய்தது: அதே மாதிரி இன்னொரு பேனலை இணையாக, பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துக் கட்டினேன். மூடாப்பு நாளிலும் கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் விடிய விடிய எரியாது. அண்ணனே ஒரு சுவிட்ச் வாங்கிப் போட்டுக்கொண்டார்.