வீட்டுக்கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டவர்கள் சொல்லுங்கள்

கும்பகோணம், பள்ளி ஆசிரியை:

என் நாத்தனார் வீட்டுக்காரருக்குச் சொந்த வியாபாரம். சம்பளச் சீட்டு இல்லாததால், அரசு வேலையில் இருக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றது வங்கி. "அக்கா, சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று கேட்டார், போட்டேன். கிரகப்பிரவேசத்துக்கும் குடும்பத்தோடு போய்ச் சீர் வைத்துவிட்டு வந்தோம்.

சில வருஷம் கழித்து மகள் படிப்புக்காகக் கல்விக்கடன் கேட்டுப் போனேன். அதில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதால் என் சிபில் அறிக்கையையும் (யார் எந்தக் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று காட்டும் அறிக்கை) எடுத்தார்கள். மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். என்னுடைய கடன்களுக்குக் கீழே இந்த வீட்டுக்கடனும் இருந்தது, ஜாமீன்தாரர் என்ற குறிப்போடு. அதற்கும் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒழுங்காகக் கட்டிய மாதங்களில் 000. அப்புறம் 030, அடுத்து 061. தவணை எத்தனை நாள் பாக்கி நிற்கிறது என்று அர்த்தமாம். நான் வாங்கிய கடன் எதிலும் ஒரு நாள் தாமதம் கிடையாது. ஆனாலும் முதலில் அந்தப் பாக்கியைத் தீர்த்துவிட்டு வரச் சொன்னார்.

அதுவரை வங்கியிலிருந்து எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. நாத்தனார் வீட்டிலும் வாய் திறக்கவில்லை. கேட்டதற்கு, "வியாபாரம் டல்லுக்கா, உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்னுதான் சொல்லல" என்றார். அவர் கெட்டவர் இல்லை, வெட்கப்பட்டு மறைத்திருக்கிறார். பாக்கியை நாங்கள் கட்டினோம். மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்டும் கெடு நெருங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. கடன் அறிக்கை தரும் ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஜாமீன் நின்றவர்கள் தயவுசெய்து அதை வாங்கிப் பாருங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

கிளையில் இருந்த காலத்தில் அடிக்கடி கேட்ட பேச்சு: "முதல்ல அவன் வீட்டை வித்து எடுத்துக்கோங்க சார், மிச்சம் இருந்தா நான் தர்றேன்." பாவம், நம்பித்தான் அப்படிச் சொல்வார்கள். ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 128-வது பிரிவின்படி கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. வாங்கியவரிடம் வசூலிக்கப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. வீடு அடமானத்தில் இருப்பதால் பெரும்பாலும் வீட்டைத்தான் முதலில் தொடுவோம். அதை உரிமையாக நீங்கள் கேட்க முடியாது.

இன்னொன்று. ஜாமீன் பத்திரத்தில் ஒரு பத்தி இருக்கும்: உங்களைக் கேட்காமலே வங்கி அவகாசம் தரலாம், தவணையை மாற்றலாம் என்று. உங்கள் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனையை மாற்றினால், அதற்குப் பிந்தைய வரவு செலவுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்கிறது 133-வது பிரிவு. அந்தப் பாதுகாப்பை இந்தப் பத்தியில் நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். பக்கம் பக்கமாக ஓடும் பத்திரத்தில் பேனா வைத்து அடையாளமிட்ட இடங்களில் மட்டும் கையெழுத்திட்டுப் போனவர்கள்தான் அதிகம். ஒரு நகல் கேட்டு வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன். அதன் பிறகு சர்ஃபேசி (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழி செய்யும்) சட்டப்படி 60 நாள் அவகாசத்தில் நோட்டீஸ், ஜாமீன்தாரருக்கும் சேர்த்து. கோர்ட் வரை போனால் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாய் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கு வரை பிடிக்க முடியும். பிஎஃப் பணத்தைத் தொட முடியாது. ஆனால் அதே வங்கியில் உங்கள் டெபாசிட் இருந்தால் அதை எடுத்து நேர் செய்துகொள்ளும் உரிமையையும் பத்திரத்தில் எழுதி வாங்கியிருப்போம். இருபது வருஷக் கடன், பாதியில் விலகுகிறேன் என்றால் வேறு ஆளையோ சொத்தையோ காட்டினால்தான் வங்கி யோசிக்கும்.

ஓசூர், ஐடி ஊழியர்:

என் கதை ஜாமீன் இல்லை, கோ-அப்ளிகண்ட், அதாவது கடனில் கூட்டு விண்ணப்பதாரர். அண்ணன் வருமானம் போதாததால் என்னையும் சேர்த்தார்கள். கிரயப் பத்திரத்தில் என் பெயர் கிடையாது. பத்திரத்தில் பெயர் இல்லாததால் வீட்டுக்கடன் வட்டிக்கான வருமான வரிச்சலுகையும் எனக்கு இல்லை. இப்போது நான் வீடு வாங்கப் போனால், அண்ணனின் முழுத் தவணையையும் என் சம்பளத்தில் கழித்துவிட்டுத்தான் எனக்கு எவ்வளவு கடன் என்று கணக்குப் போடுகிறார்கள். அண்ணன் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறார், அப்படியும் இந்த நிலை.

திருநெல்வேலி, அரிசிக் கடை:

சித்தப்பா மகனுக்கு நான் ஜாமீன். வேலை போய், நோட்டீஸ் எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் வந்தது. பலர் இந்தக் கட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். நான் அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். "தம்பி, ஏலத்துக்கு விட்டா வீடும் போகும், நம்ம விலையும் கிடைக்காது. நாமளே விப்போம்" என்றேன். ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் பணம் கட்டி வீட்டை மீட்க முடியும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வங்கியிடம் எழுத்தில் கடிதம் வாங்கி, வாங்குபவர் நேராகக் கடன் கணக்கில் பணம் போடும்படி ஏற்பாடு செய்தோம். கடைசியில் கொஞ்சம் குறைந்தது, அதை நான் கட்டினேன்.

ஜாமீன்தாரர் கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடம் திரும்பக் கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 145-வது பிரிவு இடம் தருகிறது. கேஸ் போட எனக்கு மனசில்லை. அந்தத் தொகைக்குத் தம்பியிடம் புரோநோட்டு எழுதி வாங்கினேன். மூன்று வருஷம் தாண்டினால் நோட்டு செல்லாமல் போகும் என்பதால், அவன் கொடுக்கிற ஐநூறு ஆயிரத்தையும் நோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதி, கீழே அவன் கையெழுத்தையும் வாங்கிக்கொள்கிறேன்.