புதுப்பிப்பு: மதுரையிலிருந்து குழந்தைகளோடு ராமேஸ்வரம்

பாம்பன் கடல் பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த சமயம் எழுதிய பழைய பதிவில், மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் பிடிக்கச் சொல்லியிருந்தேன். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய ரயில் பாலம் திறந்தாகிவிட்டது. இனி கைக்குழந்தையோ முதியவரோ கூட வந்தால் ரயில்தான் என் முதல் தேர்வு. கழிப்பறை இருக்கிறது, காலை நீட்டிக்கொள்ளலாம்.

கோயிலுக்குள் இருக்கும் தீர்த்தக் கிணறுகளில் நீராடப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு செட் மாற்றுத் துணி கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள். கிணறுகளைச் சுற்றித் தரை எப்போதும் நனைந்தே கிடக்கும், சின்னப் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். மதியம் நடை சாத்துவார்கள். சாப்பாட்டை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் பலர் கேட்டது, குழந்தைகளுக்குக் காரத்தை எப்படிக் குறைப்பது என்று. தனுஷ்கோடிக் கடைகளில் மசாலா தடவி அடுக்கியிருக்கும் மீனில் காரத்தைக் குறைக்க வழியே இல்லை. தடவாத துண்டைக் காட்டி, மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டுப் பொரிக்கச் சொல்லுங்கள். குழந்தைக்குச் சீலா மீன் நல்லது. துண்டில் நடுமுள் பெரிதாகத் தெரியும், எடுத்துவிட்டு உதிர்த்துக் கொடுக்கலாம். விலை துண்டுக்கா எடைக்கா என்பதைப் பொரிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் நிழல் கிடையாது. தொப்பி, தண்ணீர் கட்டாயம். நீரோட்டம் பலமானது, அங்கே கடலில் இறங்கவே வேண்டாம். ஆட்டோ பேசும்போது காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள்; இருட்டும் முன் அங்கிருந்து எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள்.