புதுப்பிப்பு: மருதமுனைச் சாறிப் பக்கத்தின் தலைப்புச் சோதனை

கைத்தறிச் சாறி விற்கும் பக்கத்தில் "பாரம்பரிய அழகு", "மருதமுனைத் தறியில் நெய்த பருத்திச் சாறி" என்ற இரு தலைப்புகளில் எது அதிகம் விற்கிறது என்று ஒப்பிடச் சொல்லியிருந்தேன். எத்தனை பேர் பார்த்தால் முடிவெடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

100 பேரில் 2 பேர் வாங்குவது 3 ஆகிறதா என்று அறிய, தலைப்பொன்றுக்கு ஏறத்தாழ 3,800 பார்வையாளர் தேவை (95% நம்பிக்கை மட்டம், அதாவது வேறுபாடே இல்லாதபோது இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு 5%; 80% சோதனைத் திறன், அதாவது அந்த வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80%). சின்னக் கடைக்கு அது பெரிய எண்ணிக்கைதான். அப்படியானால் வாங்கியோருக்குப் பதிலாக, பக்கத்திலுள்ள வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தியோரை எண்ணுங்கள்; வாங்குவோரைவிட அழுத்துவோர் அதிகம் இருப்பார்கள். ஆனால் விலையையும் அனுப்பும் கூலியையும் பொத்தானுக்கு மேலேயே போடுங்கள், இல்லாவிட்டால் "விலை என்ன?" என்று கேட்பவர்களே எண்ணிக்கையை ஊதிவிடுவார்கள்.

இந்தக் கிழமை ஒன்று, அடுத்த கிழமை மற்றது என்று மாற்றவே வேண்டாம். பெருநாளுக்கு முன் எந்தத் தலைப்பும் விற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில், முழுக் கிழமைகளாக ஓடவிடுங்கள். இடையில் ஒன்று முந்தினாலும் நிறுத்தாதீர்கள்.