பின் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்: இருமுறை காற்றெடுத்தும் லீவர் கைப்பிடிவரை வருகிறது, உதவி தேவை

நெடுவழி எழுதியது:

வணக்கம். என் மிதிவண்டியில் கம்பியால் இயங்கிய பழைய டிஸ்க் பிரேக்குகளைக் கழற்றிவிட்டு, மினரல் ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குகளை முன்னும் பின்னும் நானே பொருத்தினேன். எண்ணெய் நிரப்பிய நிலையிலேயே வந்த அவற்றின் ஹோஸ்கள் (எண்ணெய்க் குழாய்கள்) ஒரு சாண் நீளம் கூடுதலாக இருந்ததால், லீவர் பக்கம் கழற்றி, அளவாக வெட்டி, மீண்டும் இணைத்தேன். ஒரு வாரம் வரை எந்தக் குறையும் இல்லை. பிறகு பஞ்சர் ஒட்டுவதற்காக வண்டியைத் தலைகீழாக அரைமணி நேரம் நிறுத்தியிருந்தேன். நிமிர்த்திப் பார்த்தபோது பின் பிரேக்கின் லீவர் தடையே இல்லாமல் கைப்பிடியைத் தொட்டது. நான்கைந்து முறை விட்டுவிட்டு அழுத்தினால் பிடிக்கிறது, சற்று நேரம் சும்மா விட்டால் மறுபடியும் பழைய நிலைக்கே போய்விடுகிறது.

சிரிஞ்சும் புனலும் வாங்கி இருமுறை காற்றெடுத்தேன், அதாவது எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். இருமுறையும் அன்று மாலைவரை லீவர் கல்லாக நின்றது, இரண்டு மூன்று நாளில் பஞ்சாகிவிட்டது. இரண்டாம் முறைக்குப் பின் கூடுதலாக இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது: பிரேக் பிடிக்கும்போது ஊரைக் கூட்டுவதுபோல் அலறுகிறது, பிடிப்பும் பாதியாகக் குறைந்துவிட்டது. தரையிலோ சட்டத்திலோ ஒரு துளி எண்ணெயைக்கூட நான் காணவில்லை. சக்கரத்தருகே தட்டைக் கவ்வும் காலிப்பர் பழுதா, லீவருக்குள் இருக்கும் சீல் போய்விட்டதா, அல்லது நான் காற்றெடுக்கும் முறையில்தான் பிழையா? முன் பிரேக் நன்றாக இருக்கிறது.

மேட்டுப்பாதை எழுதியது:

வண்டியைக் கவிழ்த்ததுதான் காரணம். ஹைட்ராலிக் பிரேக் உள்ள வண்டியைத் தலைகீழாக வைக்கவே கூடாது. இரவில் லீவரை இறுக்கி ரப்பர் பட்டையால் கைப்பிடியோடு கட்டிவிட்டுப் படுங்கள், காலையில் சரியாகிவிடும். எண்ணெய் குறைந்திருந்தால் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கும் பிரேக் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம், எல்லாம் ஒன்றுதான்.

எண்ணெய்க்கறை எழுதியது:

கடைசி வரியைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். மோட்டார் வாகனங்களுக்கு விற்கப்படும் டாட் 4, டாட் 5.1 எண்ணெய்கள் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை; மினரல் ஆயில் பெட்ரோலிய வழி வந்தது. ஒன்றுக்காகச் செய்த ரப்பர் சீலில் மற்றொன்று பட்டால் சீல் ஊதிப் பருத்துவிடும், பிஸ்டன் திரும்பி உள்ளே போகாது, பிறகு கழுவினாலும் அந்த சீல் மீளாது. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஹோப் பிரேக்குகளுக்கு டாட். ஸ்ராம் நிறுவனம் நெடுங்காலம் டாட் எண்ணெயையே பயன்படுத்திவிட்டு இப்போது சில மாடல்களில் மினரலுக்கு மாறியிருக்கிறது என்பதால், நிறுவனப் பெயரை வைத்து ஊகிக்காமல் லீவரின் மூடியில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுவதே பாதுகாப்பு.

கவிழ்த்ததைப் பற்றியும் ஒரு திருத்தம் உண்டு. முழுமையாகக் காற்று நீங்கிய அமைப்பை அரைமணி நேரமல்ல, அரைநாள் கவிழ்த்து வைத்தாலும் ஒன்றும் ஆகாது. லீவரின் எண்ணெய்த் தொட்டியில் ஏற்கெனவே காற்று இருந்தால்தான், கவிழ்க்கும்போது அது மேலேறி ஹோஸுக்குள் நுழைகிறது. ஆகவே கவிழ்த்தது நோயைக் காட்டிக்கொடுத்ததே தவிர, நோயை உண்டாக்கவில்லை. அந்தக் காற்று தொட்டிக்குள் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

பட்டறைவாசி எழுதியது:

நெடுவழி அவர்களே, காலிப்பரையும் லீவரையும் குறைசொல்வதற்கு முன் உங்கள் விரல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். லீவர் கைப்பிடிவரை வருவதில் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு. லீவர் வெகுதூரம் ஓடி, பிறகு உறுதியாக நின்றுவிட்டால், தட்டை உரசும் பேட் தேய்ந்திருக்கலாம் அல்லது அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் தேவைக்கு மேல் பின்வாங்கியிருக்கலாம். காற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நிற்கும் இடமே தெரியாமல் பஞ்சாக அமுங்கி, விட்டுவிட்டு அழுத்தினால் மேலே வந்தால், அது காற்று. முதலில் உறுதியாக நின்று, அழுத்தியபடியே பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால், எண்ணெய் எங்கோ வெளியேறுகிறது அல்லது லீவர் பிஸ்டனின் சீலைத் தாண்டித் தொட்டிக்குத் திரும்புகிறது. உங்களுடையது இரண்டாவது வகையாகத் தெரிகிறது. ஆனால் காற்றெடுத்த பின்பும் இரண்டு நாளில் திரும்பி வருகிறது என்பதால், அதற்குப் பின்னால் சிறிய அளவில் மூன்றாவதும் இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

இவ்வளவு சிறிய கசிவு இவ்வளவு பெரிய தொல்லை தருமா என்று தோன்றலாம். லீவருக்குள் உள்ள பிஸ்டனின் விட்டம் 10 மில்லிமீட்டர், அது நகரும் தூரமும் 10 மில்லிமீட்டர் என்று கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு முழு அழுத்தத்தில் அது தள்ளும் எண்ணெய் 0.8 மில்லிலிட்டருக்கும் குறைவு, அதாவது 5 மில்லிலிட்டர் தேக்கரண்டியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். ஆகவே அரை மில்லிலிட்டர் காற்று இருந்தாலே உங்கள் விரலின் உழைப்பில் பெரும்பகுதி அதை நசுக்குவதிலேயே போய்விடும். அந்த அரை மில்லிலிட்டர் எண்ணெய் தரையில் சொட்டாது. லீவரின் ரப்பர் உறைக்குள்ளேயே தங்கி, தூசியோடு சேர்ந்து கறையாகிவிடும். நீங்கள் துளியைத் தேடியதால் அது கண்ணில் படவில்லை.

இன்று இரவு இதைச் செய்யுங்கள். லீவரில் ஹோஸ் நுழையும் இடத்து ரப்பர் உறையைப் பின்னால் தள்ளிவிட்டு, அந்த நட்டு, காலிப்பரில் ஹோஸ் சேரும் இடம், அங்கேயே சிரிஞ்சைப் பொருத்தும் எண்ணெய் நிப்பிள் ஆகிய மூன்றையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைத் தாளால் ஒரு கட்டுப் போடுங்கள். பிறகு மேட்டுப்பாதை அவர்கள் சொன்னபடியே லீவரை இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்குங்கள். அந்த உத்தி நுண்குமிழிகளை ஓரளவு மேலேற்றும் என்பது உண்மையே, ஆனால் அதை நான் மருந்தாகச் சொல்லவில்லை, சோதனையாகச் சொல்கிறேன். காலையில் எந்தத் தாள் நனைந்திருக்கிறதோ அங்கேதான் வழி இருக்கிறது.

கூடவே இரண்டு கேள்விகள். ஹோஸை எதனால் வெட்டினீர்கள்? இணைக்கும்போது ஆலிவ் வளையமும் உள்ளே செருகும் பித்தளை ஊசியும் புதிதாகப் போட்டீர்களா?

நெடுவழி எழுதியது:

காலையில் பார்த்தேன். காலிப்பர் பக்கத் தாள்கள் இரண்டும் வெள்ளையாகவே இருந்தன. லீவர் நட்டைச் சுற்றியிருந்த தாளில் பட்டாணி அளவுக்கு எண்ணெய்க் கறை. லீவரும் கட்டிய இடத்திலிருந்து தளர்ந்து உள்ளே போயிருந்தது. வெட்டியது சாதாரணக் கட்டிங் பிளேயரால். ஊசி புதிது, ஆலிவ் வளையம் பார்க்க நன்றாக இருந்ததால் பழையதையே வெட்டி எடுத்து மறுபடியும் போட்டேன். இதை எழுதும்போதே விடை எனக்குப் புரிகிறது.

பட்டறைவாசி எழுதியது:

நான் கேட்க வேண்டியதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆலிவ் என்பது ஒருமுறை நசுங்குவதற்காகவே செய்த வளையம். நட்டை இறுக்கும்போது அது ஹோஸின் மேல் நசுங்கி அமர்கிறது, அந்த நசுங்கல்தான் எண்ணெயை அடைக்கிறது. வெட்டி விரித்துக் கழற்றிய வளையம் இரண்டாம் முறை அப்படி அமராது. கட்டிங் பிளேயரோ இரண்டு பக்கமும் நெருக்கி வெட்டுவதால் ஹோஸின் வாய் முட்டை வடிவமாகிவிடும், வெட்டும் சரிவாக விழும். சரிந்த வாயில் ஊசியின் தலை ஒரு பக்கம் மட்டுமே பொருந்தும். அழுத்தும்போது எண்ணெய் வெளியே கசிந்து, அந்த இடத்தைக் காற்று நிரப்பிக்கொள்கிறது. நீங்கள் காற்றெடுத்ததில் பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வாசல் திறந்திருக்கும்வரை பத்து முறை எடுத்தாலும் மூன்றாம் நாள் பஞ்சுதான்.

கைப்பிடியை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்த்து, ஹோஸ் இழுபடாது என்று உறுதியானால், பழுதான முனையில் 10 மில்லிமீட்டரை வெட்டி எறியுங்கள். ஹோஸ் கட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் புதிய பிளேடால், கட்டைமேல் வைத்து, செங்குத்தாக ஒரே அழுத்தில் வெட்டுங்கள், அறுக்காதீர்கள். பிறகு நட்டு, ஆலிவ் என்ற வரிசையில் ஹோஸில் கோத்துவிட்டு (நட்டை மறந்துவிட்டு ஊசியை அடித்தவர்கள் பட்டறையில் எங்களுக்குள்ளேயே உண்டு), ஹோஸைப் பிளவுக் கட்டைகளுக்கிடையே இறுக்கிப் பிடித்து, ஊசியை அதன் தலை ஹோஸின் வாயோடு ஒட்டும்வரை தட்டி இறக்குங்கள். உள்விட்டம் ஹோஸுக்கு ஹோஸ் மாறும் என்பதால், அந்த ஹோஸுக்கென்று குறிப்பிட்ட ஊசியையே வாங்க வேண்டும். லீவருக்குள் ஹோஸ் முட்டும்வரை தள்ளி, தள்ளிய கையை எடுக்காமலேயே நட்டை இறுக்குங்கள். ஷிமானோ பிரேக்குகளில் இந்த நட்டுக்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் முறுக்கம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பிரேக்கின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே கொள்ளுங்கள்.

அலறலுக்கு வருகிறேன். காற்றெடுக்கும்போது சக்கரத்தையும் பேட்களையும் கழற்றினீர்களா?

நெடுவழி எழுதியது:

சக்கரத்தைக் கழற்றினேன், பேட்களைக் கழற்றவில்லை. சிரிஞ்சின் குழாய் ஒருமுறை நிப்பிளிலிருந்து நழுவியது, துடைத்துவிட்டேன்.

எண்ணெய்க்கறை எழுதியது:

துடைத்தது வெளியே இருந்ததை மட்டுமே. ரெசின் வகைப் பேட் துணியைப்போல எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அடுப்பில் வாட்டுவது, உப்புத்தாளில் தேய்ப்பது என்று பலர் பல வைத்தியம் சொல்வார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. மேற்பரப்பு சுத்தமானதுபோல் தோன்றி, முதல் நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடியும் வெளியே வரும். பேட்களை மாற்றிவிடுங்கள். ரோட்டாரை (சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டை) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும், அது உறிஞ்சாது. உலோகக் கலவைப் பேட் வாங்க எண்ணினால் ரோட்டாரில் பொறித்திருப்பதைப் பாருங்கள். ரெசின் பேட்டுக்கு மட்டும் என்று எழுதிய ரோட்டாரில் உலோகப் பேட் அதை விரைவில் தின்றுவிடும்.

பட்டறைவாசி எழுதியது:

இன்னொரு சிக்கலும் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று நினைக்கிறேன். தேய்ந்த பேட்களோடு, சக்கரம் இல்லாமல், பிஸ்டன்கள் முன்னே வந்திருந்த நிலையில் எண்ணெய் நிரப்பியிருக்கிறீர்கள். இப்போது அமைப்பில் அளவுக்கு மேல் எண்ணெய் இருக்கிறது. புதிய, தடித்த பேட்களைப் போட்டால் பிஸ்டன் பின்வாங்க இடமிருக்காது, சக்கரம் உரசும்.

ஆகவே இம்முறை பேட்களைக் கழற்றிவிட்டு, பிஸ்டன்களை முழுவதும் உள்ளே தள்ளுங்கள். திருப்புளியால் நெம்பினால் செராமிக் பிஸ்டனின் விளிம்பு உடையும்; டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பியே போதும். தள்ளும்முன் லீவரின் மூடித் திருகைக் கழற்றி அங்கே புனலைப் பொருத்தி வைத்தால் மிகுதி எண்ணெய் புனலுக்குள் ஏறிவிடும். பிரேக்கோடு வந்த பிளாஸ்டிக் கட்டையைப் பிஸ்டன்களுக்கிடையே செருகிய பிறகு, காலிப்பர் பக்கத்திலிருந்து சிரிஞ்சால் எண்ணெயை மெதுவாக மேல்நோக்கித் தள்ளுங்கள். குமிழி இயல்பாக ஏறும் திசையும் அதுவே என்பதால் பாதி வேலையை அது தானே செய்துகொள்ளும். புனலில் குமிழி வருவது நின்றதும் நிப்பிளை மூடிவிட்டு, லீவரைத் தரைக்கு இணையான நிலையிலிருந்து 30 பாகை கீழும் 30 பாகை மேலும் சாய்த்து மெல்ல அழுத்தி விடுங்கள். தொட்டியின் மூலைகளில் ஒளிந்திருக்கும் காற்று இந்தச் சாய்வில்தான் வெளியே வரும். பெரும்பாலோர் விட்டுவிடும் படி இதுதான். கடைசியில் மூடித் திருகை எண்ணெய் சற்று வழிய வழிய மூடுங்கள், வழிந்ததை உடனே துடையுங்கள்.

பிறகு புதிய பேட்கள், சக்கரம். காலிப்பரின் இரண்டு ஆலன் திருகுகளையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் காலிப்பர் தானாக நடுவில் அமரும். புதிய பேட் உடனே பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். வெற்றுச் சாலையில் மிதமான வேகத்திலிருந்து நடைவேகத்துக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், 20 முறையாவது குறைத்துப் பழக்குங்கள். பேட்டின் மெல்லிய படலம் ரோட்டாரில் ஒட்டிய பிறகே முழுப் பிடிப்பு வரும்.

நெடுவழி எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நட்டைக் கழற்றியபோது ஊசியின் தலை ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றது; ஹோஸின் வாய் நீங்கள் சொன்னபடியே முட்டை வடிவம். வெட்டி, புதிய ஊசியும் ஆலிவும் போட்டு, 6 நியூட்டன் மீட்டரில் இறுக்கினேன். பிஸ்டன்களைத் தள்ளியபோது புனலில் எண்ணெய் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிரவே மறுபடியும் தாள் கட்டிச் சோதித்தேன்; காலையில் தாள் உலர்ந்திருந்தது. நேற்று வண்டியை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்தும் லீவர் அசையவில்லை, அலறலும் இல்லை.

இனி எப்போது காற்றெடுக்க வேண்டும், பேட்டை எந்த அளவில் மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால் நலம்.

எண்ணெய்க்கறை எழுதியது:

மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது என்பதால் நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. லீவர் பஞ்சானால் அல்லது எண்ணெய் கறுத்தால் மாற்றுங்கள். பேட்டின் உராய்வுப் பொருள் 0.5 மில்லிமீட்டர் ஆகும்வரை போகலாம் என்பது ஷிமானோவின் அளவு. நான் ஒரு மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன். அவர்களுடைய ரோட்டார் புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5 ஆனதும் கழற்றிவிட வேண்டும்.

பட்டறைவாசி எழுதியது:

முன் பிரேக்கின் ஹோஸையும் அதே நாளில், அதே பிளேயரால்தானே வெட்டினீர்கள்?

நெடுவழி எழுதியது:

ஆம். இப்போதுதான் ரப்பர் உறையைத் தள்ளிப் பார்த்தேன். நட்டின் அடியில் பழுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கிறது. இன்னொரு ஊசியும் ஆலிவும் வாங்கி வரும்வரை வண்டியை எடுக்கப் போவதில்லை.