பழைய 35 மி.மீ. பிரிண்டின் ஒலி வகையை உறுதி செய்வது எப்படி?

கேள்வி

வணக்கம். எங்கள் திரைப்படக் கழகத்தின் திரையிடலுக்காகப் பழைய 35 மி.மீ. வண்ணப் பிரிண்ட் ஒன்று வந்திருக்கிறது. பெட்டியின் மேல் 'ஸ்டீரியோ' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான ரீல்களில் லீடர் (ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒட்டப்படும் குறிப்புப் பிலிம்) வெட்டப்பட்டுவிட்டதால் வேறு குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. பிலிமை வெளிச்சத்தில் பிடித்தால், படத்துக்கும் துளைகளுக்கும் நடுவே அலையலையான இரண்டு தடங்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. துளைகளுக்கு இடையிலோ பிலிமின் ஓரங்களிலோ டிஜிட்டல் பதிவு எதுவும் இல்லை. எங்கள் ஒலிச் செயலியில் மோனோ, டால்பி ஏ, டால்பி எஸ்ஆர் என்ற மூன்று தேர்வுகள் உள்ளன. இவற்றில் எதைப் பயன்படுத்த வேண்டும்? தவறானதைத் தேர்ந்தெடுத்தால் பிரிண்ட் சேதமாகுமா?

பதில் 1

செயலியில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிரிண்டுக்கு ஒன்றும் ஆகாது. கேட்கும் ஒலி மட்டுமே கெடும். துளைகளுக்கு இடையே பதிவு இல்லாததால் டால்பி டிஜிட்டலையும், ஓரங்களில் இல்லாததால் எஸ்டிடிஎஸ் என்ற மற்றொரு டிஜிட்டல் ஒலி முறையையும் ஒதுக்கிவிடலாம். படத்துக்கும் ஒலித்தடத்துக்கும் நடுவில் விட்டுவிட்டு ஓடும் மெல்லிய கோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அது 1993இல் திரையரங்குகளுக்கு வந்த டிடிஎஸ் என்ற டிஜிட்டல் ஒலி முறையின் நேரக்குறி. அதற்குரிய ஒலி தனி வட்டுகளில் இருக்கும்.

இரண்டு தடங்கள் இருப்பதாலேயே ஸ்டீரியோ என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரே ஒலியை இரண்டு தடங்களாகப் பதிந்த மோனோ பிரிண்டுகள் மிகச் சாதாரணம். ஸ்டீரியோ பிரிண்டிலும் வசனக் காட்சிகளில் இரு தடங்களும் ஒன்றுபோலவே இருக்கும், ஏனென்றால் நடு ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய ஒலி இரண்டிலும் சம அளவில் பதிவாகிறது. ஆகவே இசையோ மழையோ கூட்ட இரைச்சலோ வரும் காட்சியைத் தேடி, அந்த இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். இசையில் ஒரு தடம் அகலும்போது மற்றது வேறு வடிவத்தில் நெளிந்தால் அது ஸ்டீரியோ. சுற்றொலி மட்டும் வரும் இடத்தில் ஒன்று விரியும் கணத்தில் மற்றது சுருங்குவதைத் தெளிவாகவே காணலாம், காரணம் அந்த ஒலி இரு தடங்களிலும் எதிரெதிராகப் பதியப்படுகிறது. ஒரு படச்சட்டத்துக்கு உரிய ஒலி அதன் பக்கத்திலேயே இருக்காது, ஏறக்குறைய 20 சட்டங்கள் முன்னதாக, ரீலின் தலைப்பக்கமாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். காட்சி மாறும் இடத்தில் தேடும்போது இதை விட்டுவிட்டால் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பதில் 2

மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால் ஸ்டீரியோ என்று தெரிந்த பிறகும் ஏ-யா எஸ்ஆரா என்பதை எந்த உருப்பெருக்கியும் காட்டாது. இரண்டும் இரைச்சல் குறைப்பு முறைகள். கண்ணுக்கு அவற்றின் தடங்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். இங்கே உதவுவது பிலிமின் வயது. எஸ்ஆர் 1986இல்தான் அறிமுகமானது, எனவே அதற்கு முன் தயாரான பிலிமில் அது இருக்க வழியில்லை. கோடாக் பிலிமாக இருந்தால் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற ஆண்டுக்குறிகள் இருக்கும். அவற்றில் கரிய எழுத்தாகத் தெரிவதே பிரிண்ட் பிலிமுக்கு உரியது. கருமையின் நடுவே வெளிறித் தெரிவது நெகட்டிவிலிருந்து அச்சாகி வந்தது, அதை வைத்துப் பிரிண்டின் வயதைச் சொல்ல முடியாது. அக்குறிகள் நெடுங்காலம் 20 ஆண்டுச் சுழற்சியில் திரும்ப வந்ததால், படம் வெளியான ஆண்டோடு சேர்த்தே கணக்கிடுங்கள். இருபது ஆண்டுப் பழைய படத்துக்கும் புதிய பிரிண்ட் போட்டிருப்பார்கள் என்பதால் வெளியான ஆண்டை மட்டும் நம்பவும் கூடாது.

பிலிம் 1986க்குப் பிந்தையது என்றால் காதுதான் முடிவு சொல்ல வேண்டும். இருவர் மெதுவாகப் பேசும், இடையிடையே மௌனம் உள்ள ஒரு பகுதியை இரண்டு முறைகளிலும் ஓட்டுங்கள். எஸ்ஆர் பிரிண்டை ஏ-யில் ஓட்டினால் மெல்லிய ஒலிகள் உரத்த ஒலிகளுக்கு அருகே ஏறிவிடும், உச்சங்கள் கூர்மையாகும், மௌனத்தில் இரைச்சல் தலைகாட்டும். ஏ பிரிண்டை எஸ்ஆரில் ஓட்டினால் நேர்மாறாக, சொற்களின் கடைசி எழுத்துகள் விழுங்கப்பட்டு, அறையின் சூழலொலியே அமிழ்ந்துபோகும். சரியான முறையில் மௌனம் மௌனமாகவும் மூச்சொலி மூச்சொலியாகவும் கேட்கும்.

பதில் 3

ஒரு சிறு சேர்க்கை. மோனோ என்று தெளிவானால் அதை மோனோ தேர்விலேயே ஓட்டுங்கள். 1938 முதல் வழங்கிய, உயர் அதிர்வெண் ஒலிகளைத் தணிக்கும் அகாடமி வளைவை மனத்தில் வைத்துக் கலக்கப்பட்ட பழைய ஒலியை அந்த வளைவு இல்லாமல் ஓட்டினால் இரைச்சலும் கீறலும் மேலெழும். ஸ்டீரியோ வழியில் விட்டால் தடத்திலுள்ள கீறல்கள் சுற்றொலி ஸ்பீக்கர்களில் வெடிக்கும்.

சேதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த ஆபத்து 1953இல் சினிமாஸ்கோப்புடன் வந்த நான்கு தட மேக்னெடிக் பிரிண்டுகளில் உண்டு. பிலிமின் மேல் பழுப்புப் பட்டைகள் ஓட, துளைகள் வழக்கத்தைவிடச் சிறியவையாக இருந்தால் அதைச் சாதாரணப் பற்சக்கரத்தில் ஏற்றவே கூடாது, பற்கள் துளைகளைக் கிழித்துவிடும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இசைக் காட்சியில் இரு தடங்களும் வேறுபடுகின்றன. கரிய ஓரக்குறியின்படி பிலிம் 1980களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஆனால் நான்காவது ரீலில் மட்டும் குறி வேறாகவும் பிலிம் புதிதாகவும் இருக்கிறது. அதையும் ஏ-யிலேயே ஓட்டலாமா?

பதில் 2 எழுதியவர்

அது வேறொரு பிரிண்டிலிருந்து வந்த மாற்று ரீலாக இருக்கக்கூடும். அதை மற்றவற்றோடு சேர்த்து முடிவு செய்யாமல், காதால் தனியே சோதியுங்கள். எஸ்ஆர் என்று உறுதியானால் நான்காவது ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும் செயலியை மாற்ற ஒருவர் அருகில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ரீலுக்கும் புதிய லீடர் ஒட்டி, படத்தின் பெயர், ரீல் எண், ஒலி வகை மூன்றையும் அதில் எழுதிவிடுங்கள்.